காலண்டரில் ஏறிய தாலி

சிவகாசி
தை மாதம், 2007

அன்பு மகள் ஐஸ்வர்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தம்பி, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தப் பனியில் விறைத்துப் போகாமல் சுகமாக இருக்கும்படி இருக்கன்குடி மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். குட்டிக்குச் சளி விட்டதா, காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே, நீ சின்னப்பிள்ளையில் அப்படித்தான் இழுத்துக்கொண்டு கிடந்தாய். பார்சலில் இட்லிப்பொடியும் சுக்குப்பொடியும் தனித்தனியாகக் கட்டியிருக்கிறேன், போன தடவை மாதிரி சுக்கை இட்லிக்குத் தொட்டு மாப்பிள்ளையைத் தும்ம வைத்துவிடாதே. போனில் பேசினால் போதாதா, எதற்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று நினைப்பாய். போன் பேசும்போது உன் அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், பாதியில் கட்டாகிவிடுகிறது, அரைகுறையாகக் கேட்டால் நீ பயந்துபோவாய். அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி. படித்து முடித்ததும் நீ ஒரு வீட்டுக்குப் போய் ஒரு மனுஷரைப் பார்க்கவேண்டும். ஒரு பிள்ளை தன் அப்பாவிடம் போய்ச் சேருவதா இல்லையா என்பது இப்போது அதில்தான் நிற்கிறது.

உங்கள் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிற இலங்கைக்காரரிடம் நீ பேசி நம் பிரஸ்ஸுக்குக் காலண்டர் ஆர்டர் வாங்கிக் கொடுத்தாயே, அதில் ஆரம்பித்த வினைதான் எல்லாம். உன் வீட்டிலும் ஒன்று மாட்டியிருப்பாய், எழுந்துபோய் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு வா. மெரூன் சேலை கட்டிக் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டு நிற்கிறாளே, அவள் மாடல் பெண்ணும் இல்லை, ஆல்பத்தில் எடுத்த படமும் இல்லை. நம் பைண்டிங்கில் காலண்டர் தலையில் தகடு அடிக்கிற நிரோஜா. விருதுநகர் ரோட்டில் அகதிகள் முகாம் இருக்கிறதில்லையா, அங்கிருந்து வருகிற பிள்ளை. கைக்குழந்தையாகப் படகில் வந்தவளாம், அவளுக்கு ஊர் என்று ஞாபகம் இருப்பதே இந்த வெயிலும் முகாமும்தான். அவள் அப்பா யோகராசா என்று பெயர், அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஏஜெண்டைப் பிடித்து எங்கெங்கோ சுற்றி நீ இருக்கிற அதே டொராண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தவர், இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அவருக்குப் பேப்பர் எல்லாம் சரியாகி, பெண்டாட்டி புஷ்பத்தையும் நிரோஜாவையும் அவள் தம்பியையும் கூப்பிட்டுக்கொள்ள எழுதிப் போட்டிருக்கிறார். மாசியில் சென்னையில் இண்டர்வியூ. பிளஸ் டூ முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று நம்மிடம் வேலைக்கு வந்தாள். வேலையில் சுறுசுறுப்பு, வாயில் எப்போதும் சிரிப்பு. அவள் ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்பாள், ஆறு மாசத்தில் பைண்டிங் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓம் ஓம் என்று திரிய ஆரம்பித்துவிட்டார்கள், பூசை நடக்கிற இடம் மாதிரி ஆகிவிட்டது நம் பிரஸ்.

இப்போது உன் தம்பி கதைக்கு வருகிறேன். ஹரிஷுக்குப் பத்தொன்பது வயசு, மீசை இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, காலேஜில் ஒரு பேப்பர் அரியர் வேறு. லீவு நாளில் வெயில் முகத்தில் அடித்தால்தான் எழுந்திருப்பான், அப்படிப்பட்டவன் குளித்துப் பவுடர் பூசிக்கொண்டு உன் அப்பாவுக்கு முன்னால் பிரஸ்ஸில் போய் நிற்கிறான், கம்ப்யூட்டரில் டிசைன் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, பையனுக்குத் தொழில் பிடித்துவிட்டது என்று எதிரே வருகிறவரை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது சாப்பாட்டில்தான். இன்னொரு தோசை வைக்கட்டுமா என்று கேட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே ஓம் என்கிறான். சரிதான், இது தொழில் மேல் வந்த ஆசை இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லி என்ன செய்ய, அவள் எப்படியும் விமானம் ஏறப்போகிறவள், தானாக ஓய்ந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்னொரு பக்கம் விருதுநகர் மாமா இருக்கிறானே, அவன் மகளை மனசில் வைத்துக்கொண்டு ஹரிஷை வாங்க மருமகனே வாங்க மருமகனே என்று கூப்பிடுகிறான், முறைக்குக் கூப்பிடுகிறானா முடிவோடு கூப்பிடுகிறானா என்று தெரியாமல் நானும் காபியைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் படம் காலண்டரில் ஏறினது இப்படித்தான். உங்கள் கடைக்காரர் விளக்கேற்றுகிற பெண் படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் அனுப்பி இதுதான் வேண்டும் என்றாராம், அதைக் காலண்டர் அளவுக்குப் பெரிசாக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து வருகிறதாம். சீசன் நேரம், மெஷின் இரண்டு ஷிப்ட் ஓடுகிறது, லோடு ஏற்றும் தேதி நெருங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு நிரோஜா பிரஸ்ஸில் விளக்கேற்றினதை உன் தம்பி படம் எடுத்து வைத்திருந்தான், எதற்கு எடுத்தான் என்று என்னைக் கேட்காதே, அதைத் தூக்கி இதில் வைத்துவிட்டான். சாம்பிள் தாளை உன் அப்பாவிடம் நீட்டினான். அவரைத்தான் உனக்குத் தெரியுமே. சட்டைப்பையிலிருந்து அந்த லென்ஸை எடுத்தார், ஒவ்வொரு இடமாக வைத்து நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார், மூக்கு நுனியில் சிவப்பு விலகியிருக்கிறது சரிபண்ணு என்றார். அது யார் மூக்கு என்று பார்க்கவில்லை. தினமும் தனக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போகிற பிள்ளையின் மூக்கு அவருக்குத் தெரியவில்லை. போதாததற்கு ஒரு குற்றம் வேறு கண்டுபிடித்தார்.

“ஏலே, வெளக்கு ஏத்துற பொம்பளைக்குக் கழுத்து மூளியா இருந்தா எவன்லே சுவத்துல மாட்டுவான்? வகிட்டுல குங்குமத்த வையி, தாலியப் போடுலே.”

உன் அப்பா தன் வாயால் சொன்னது ஐசு. பக்கத்தில் மெஷின்மேன் பெத்தணன் நின்று கேட்டிருக்கிறார், அவர்தான் எனக்குச் சொன்னார். தொழிலில் அது வழக்கம்தான், விளக்கோடு நிற்கிற படம் என்றால் சுமங்கலியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உன் தம்பியும் முதலாளி சொல்லைத் தட்டாத பிள்ளையாகப் போட்டுவிட்டான். பைண்டிங்கில் அந்த லோடுக்குத் தகடு அடிக்கும்போது நிரோஜாவும் பார்த்திருக்கிறாள், மற்றப் பிள்ளைகள் எல்லாம் அவளைக் கிள்ளிக் கிள்ளிச் சிரித்திருக்கிறார்கள், கனடாவில் நம்மை யாருக்குத் தெரியப்போகிறது என்று அவளும் வெட்கத்தோடு விட்டுவிட்டாள். ஆக உலகத்துக்கே தெரிந்த முகம் உன் அப்பா ஒருவருக்குத்தான் தெரியவில்லை.

கனடாவில் யாருக்குத் தெரியவேண்டுமோ அவருக்கே தெரிந்துவிட்டது. பொங்கலுக்கு அரிசி வாங்க யோகராசா அந்தக் கடைக்குப் போயிருக்கிறார், கடைக்காரர் ஒரு காலண்டரைச் சுருட்டிக் கையில் கொடுத்திருக்கிறார். வீட்டில் விரித்து ஆணியில் மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பெற்ற மகள் வகிட்டுக் குங்குமமும் கழுத்துத் தாலியுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அந்த மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும், நீயே நினைத்துப் பார். கீழே நம் பிரஸ் பெயரும் நம்பரும் இருக்கிறதல்லவா, உடனே போன் போட்டிருக்கிறார். எடுத்தது பெத்தணன். படத்தில் இருப்பது யார் என்று கேட்டதற்கு நம்ம நிரோஜா பிள்ளைதாங்க, படம் ரொம்ப அம்சமா விழுந்திருக்கு என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த போன் முகாமுக்கு. புஷ்பம் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லையாம். கல்யாணம் ஆகாத பிள்ளையாக இருந்தால்தான் அப்பா கணக்கில் அவள் போகமுடியும், கல்யாணம் ஆனதை மறைத்தால் பொய் சொன்னதாகி மூன்று பேருடைய விசாவும் சேர்ந்து போய்விடும் என்று வக்கீல் முதலிலேயே எச்சரித்திருக்கிறாராம். அதனால் தை முடிவதற்குள் வக்கீலைப் பார்த்து மகள் பெயரை அடித்துவிடுகிறேன், நீயும் மகனும் மட்டும் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் நாங்கள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எங்கள் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறார்.

புஷ்பம் அழுதுகொண்டு நம் வீட்டுக்கு வந்தாள், பின்னாலேயே நிரோஜா. அப்போதுதான் உன் அப்பாவுக்கு விஷயமே தெரியும். காலண்டரைப் பார்க்கிறார், நிரோஜாவைப் பார்க்கிறார், மறுபடி காலண்டரைப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து உன் தம்பி நடுக்கூடத்தில் வந்து நின்றுகொண்டு, பொய்த் தாலிக்கு இம்புட்டுப் பேச்சுக் கேக்கதுக்கு நெசத் தாலியே கட்டிருதேன் என்று சொல்லிவிட்டான். உன் அப்பா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார், மெதுவாகத்தான் வைத்தார், அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. அன்றைக்கு விட்ட பேச்சுதான், மகனிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்றால் பெத்தணனைக் கூப்பிட்டுச் சொல்லுகிறார், அப்பாவும் மகனும் ஒரே அறையில் நின்றுகொண்டு நடுவில் அந்த மனுஷரைப் போஸ்ட்மேன் ஆக்கிவிட்டார்கள். விருதுநகர் மாமாவுக்கு யாரோ சொல்லி அவன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், அக்கா இதெல்லாம் நல்லாவா இருக்கு, முகாம்ல இருந்து பொண்ணா என்று இழுத்தான். எனக்கு வந்ததே கோபம். ஏன், அங்கன இருக்கிறவுக மனுசங்க இல்லையா, உன் மகளை இவன் தலையில கட்டுறேன்னு நான் உனக்கு எப்ப எழுதிக் கொடுத்தேன், காபியைக் குடிச்சிட்டுக் கெளம்பு என்றேன். குடித்துவிட்டுத்தான் கிளம்பினான், அதில் ஒன்றும் குறைவைக்கவில்லை.

எனக்கும் உள்ளே குடைந்துகொண்டுதான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இவன் நிஜமாகவே ஏதாவது முடித்துவைத்துவிட்டானோ என்று. அதனால் வெள்ளிக்கிழமை நிரோஜாவைக் கூட்டிக்கொண்டு சாத்தூர் போய் அங்கிருந்து இருக்கன்குடிக்குப் பஸ் ஏறினேன், எதுவானாலும் மாரியம்மன் முன்னால் கேட்டுவிடலாம் என்று. பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டு, நான் கண்ணயர்ந்தால் என் தலை கம்பியில் இடிக்காமல் கையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், முழித்தபோதுதான் பார்த்தேன். உன் தம்பியை யாரும் கூப்பிடவில்லை, பைக்கில் எங்களுக்கு முன்னால் போய் கோயில் பக்கத்து ஆற்று மணலில் நிற்கிறான். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்ததும் நான் நேராகவே கேட்டேன், இவன் உன் கழுத்தில் ஏதாவது கட்டினானா என்று. இல்லை என்றாள். இவனைப் பிடிக்குமா என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். உன் தம்பி குறுக்கே புகுந்து, ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கலாம், நீ எங்கேயும் போகவேண்டாம், அம்மா சம்மதிப்பாங்க என்று என் சம்மதத்தை அவனே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“எனக்கும் விருப்பம்தான் அன்ரி. இல்லையெண்டு அம்மனுக்கு முன்னால சொல்லமாட்டன். ஆனா அப்பான்ர முகம் எனக்கு இப்ப படத்தைப் பாத்தால்தான் ஞாபகம் வருகுது. நான் இவருக்கு ஓம் எண்டு சொன்னா அவர் அங்க தனிச்சு இருந்த வருசமெல்லாம் என்னாலதானே வீணாப் போகும்.”

உன் தம்பி அங்கிருந்து நகர்ந்தான். மூன்று பேருக்கும் கரும்புச்சாறு வாங்கிக்கொண்டு வந்தான், அவளுக்கு மட்டும் ஐஸ் போடாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது ஐசு. வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே, நமக்கு நல்லதுதானே என்று நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். முடியவில்லை. இந்தப் பிள்ளை அப்பாவிடம் போய்ச் சேரவேண்டும், அதற்கு நம்மால் தடை வந்தது நம்மாலேயே தீரவேண்டும் என்று அங்கேயே அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி நீ செய்யவேண்டியது. கவரில் யோகராசாவின் விலாசம் இருக்கிறது, உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான் என்று புஷ்பம் சொல்கிறாள். அதே கவரில் தாலி இல்லாத நிரோஜாவின் அசல் படத்தையும் வைத்திருக்கிறேன். அதை மட்டும் காட்டினால் நம்பமாட்டார், படத்தில் தாலியை ஒட்டத் தெரிந்தவனுக்கு எடுக்கத் தெரியாதா என்று கேட்பார், நானாக இருந்தாலும் கேட்பேன். அதனால்தான் நீ நேரில் போகவேண்டும் என்கிறேன். ஏனென்றால் அந்தத் தாலி உன்னுடையது. பயப்படாதே, உன் கழுத்தில் இருப்பது உன் கழுத்தில்தான் இருக்கிறது. நீ கனடா கிளம்பும்போது கல்யாணம் ஆனது விசாக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று தாலியைச் சேலைக்கு வெளியே எடுத்துப் போட்டு ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்தோமே, அது கம்ப்யூட்டரில் கிடந்திருக்கிறது, உன் தம்பி அதிலிருந்து வெட்டி எடுத்து அவள் கழுத்தில் ஒட்டிவிட்டான். உனக்குத் தாலி தெரிந்ததால் விசா கிடைத்தது, அதே தாலி தெரிந்ததால் அவளுக்குக் கிடைக்காமல் நிற்கிறது, இதை எங்கே போய்ச் சொல்ல. உன் தாலியில் இடது பக்கத்துப் பவளம் கல்யாண மண்டபத்திலேயே மாலை மாற்றும்போது ஓரம் விண்டுபோனது ஞாபகம் இருக்கிறதா, மாற்றவேண்டாம் அப்படியே இருக்கட்டும் என்று உன் மாமியாரிடம் சண்டை போட்டாயே. அந்த விண்டுபோன ஓரம் காலண்டரில் அப்படியே விழுந்திருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, உற்றுப் பார்த்தால் தெரியும். காலண்டரையும் உன் கழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரையே பார்க்கச் சொல். இது என் தாலி அண்ணா, உங்கள் மகள் கழுத்தில் ஒன்றும் இல்லை என்று சொல். ஹரிஷைப் பற்றிக் கேட்டால் மறைக்காதே, அவனுக்குப் பிரியம், அவளுக்கும் பிரியம், ஆனால் அப்பாதான் முதலில் என்று அவளே சொல்லிவிட்டாள் என்று அதையும் சொல்லிவிடு. வெறுங்கையோடு போகாதே, அதிரசம் வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. பெண்பிள்ளை தனியாகப் போய் நின்றால் அவருக்கும் சங்கடம்.

இதையெல்லாம் பார்சலில் கட்டிக்கொண்டிருந்தபோது உன் அப்பா வந்து நின்றார்.  மேஜை மேல் இருந்த காலண்டரை எடுத்தார், பையிலிருந்து லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். முதலில் கழுத்தைப் பார்த்தார், பவளத்தைப் பார்த்தார், அப்புறம் லென்ஸ் மெதுவாக மேலே போய் முகத்தில் நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார். நான் ஏதாவது சொல்லித் தொலைத்துவிடப் போகிறேனே என்று நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். லென்ஸைத் துணியில் துடைத்தார், நம்மில் யாரையும் தொடவிடாமல் வைத்திருக்கிற அந்த லென்ஸைப் பார்சலுக்குள் வைத்தார், அவருக்கு நல்லாத் தெரியணும்லா என்றார். அதனால் போகும்போது லென்ஸை மறக்காதே, தாலியைச் சுவெட்டருக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொள்ளவும் மறக்காதே.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் பல காலம் வாழவேண்டும், உன் கழுத்துத் தாலி விண்ட பவளத்தோடேயே நிலைத்து நிற்கவேண்டும், நீ போகிற காரியம் கைகூடவேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று, உன் அப்பா எழுதச் சொன்னது, அவர் சொன்னபடியே எழுதுகிறேன். “லென்ஸத் தபால்ல திருப்பி அனுப்ப வேண்டாம்னு எழுது, ஒடஞ்சிரும். அந்தப் பிள்ள அங்கன வந்து சேந்ததும் அவ கையில குடுத்து வைக்கச் சொல்லு. இங்கன வரும்போது அவளே கொண்டாரட்டும்.” உன் தம்பி பக்கத்து அறையில் இருந்தான், அவனுக்கும் கேட்டிருக்கும். இருக்கன்குடி போய் வந்ததிலிருந்து ஒரு தோசைக்கு மேல் தொடாதவன், இன்னும் ரெண்டு தோசை வை அம்மா என்று குரல் கொடுக்கிறான், நான் எழுந்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் பிரியமுள்ள அம்மா
ந. தங்கத்தாய்